சின்ன மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டார்

என் சகலை ஒரு பொய் சொல்லிப் பிடிபட வேண்டும் என்று நான் ஐந்து வருடமாகக் காத்திருந்தேன். பெரிய பொய்தான் வேண்டும் என்றில்லை. 'பஸ் லேட்டு', 'போன்ல சார்ஜ் இல்லை', 'இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்' என்று மனிதர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார்களே, அந்த மாதிரி ஒரு சில்லறைப் பொய் போதும். அதைக் கையும் களவுமாகப் பிடித்து மாமியார் வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். இரண்டு பேரும் ஒரே லேபில் வேலை செய்கிறோம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாங்கள் கேப், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் செய்து கொடுப்போம். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் நீளமான ஒரே அறை. ஆறு மேஜை, ஆறு விளக்கு, ஆறு லென்ஸ், எங்கே கை வைத்தாலும் வெள்ளை மாவு. அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தவன் நான்.

கைவேலையில் அவன் என் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முன்பல் ஒன்றை நான் செய்து மாட்டினால், எது முளைத்த பல், எது வைத்த பல் என்று அதைப் போட்டிருப்பவரே கண்ணாடியில் தேட வேண்டும். அவன் செய்கிற பல் கடிக்கும், மெல்லும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டர்கள் போன் செய்தால் கேட்பது அவனைத்தான். "அவர்கிட்டயே குடுங்க. அவர் சொன்னா நம்பலாம்." வேலை என்னுடையது, பெயர் அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டே பல் செய்கிற கஷ்டம் வேறு எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது.

அவனுக்குக் 'கவசம்' என்று பெயர் வைத்தவனும் நான்தான். அவன் மகள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நாடகம். அப்பாக்களும் நடிக்க வேண்டும். இவனுக்குக் குதிரைவீரன் வேஷம். அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டிக் கவசம் செய்து மாட்டிக்கொண்டு, மேடையில் மண்டியிட்டு உறுதிமொழி எடுத்தான். பொய் பேச மாட்டேன், கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க மாட்டேன், கீழே விழுந்தவனை அடிக்க மாட்டேன், என் தப்பை மற்றவன் கண்டுபிடிக்கும் முன்னால் நானே சொல்லிவிடுவேன். நாடகம் முடிந்ததும் மற்ற அப்பாக்கள் எல்லோரும் கவசத்தோடு உறுதிமொழியையும் கழற்றிப் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். இவன் மகள் மட்டும் வீடு திரும்பும் வழியில், "அப்பா, நீங்க சொன்னதெல்லாம் சும்மாவா, நிஜமாவா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு "நிஜம்தான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். சொல்லிவிட்டதால் அப்படியே நடக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றிலிருந்து அவன் தொல்லை தாங்க முடியவில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தால், முதலாளி கேட்கும் முன்பே போய் "தூங்கிட்டேன் சார்" என்பான். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடப் போனால், நடுவர் பார்க்காத தவறை இவனே கையைத் தூக்கிச் சொல்லி எங்கள் அணியைத் தோற்கடிப்பான். பக்கத்து வீட்டுக்காரர் காரில் சைக்கிளால் ஒரு கீறல் போட்டுவிட்டு, பெயரும் நம்பரும் எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தான். அந்தக் கீறல் தன் கண்ணிலேயே பட்டிருக்காது என்று அந்த ஆள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தவர்தான் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் அவருக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கிறேன், என்னிடம் இதுவரை யாரும் ஒரு குடைகூடக் கொடுத்து வைத்ததில்லை.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். நான் ஏதாவது சொன்னால் என் மனைவி ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பாள். எடை போடுகிற பார்வை. அவன் ஏதாவது சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்வாள். "தம்பி சொன்னாரா, அப்ப சரி." பதினான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் காதில் புகை வராமல் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் மேல் என் மாமியார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் பொய்யை டைப் அடிச்சவ நான். வாயைத் திறக்கும்போதே தெரிஞ்சுடும்" என்பார். என்னைப் பற்றி யாராவது கேட்டால், "பெரிய மாப்பிள்ளைக்கு நல்ல கை" என்பார். அவனைப் பற்றிக் கேட்டால், "சின்ன மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டார்" என்பார். எனக்குக் கையைக் கொடுத்துவிட்டு அவனுக்கு முழு ஆளையும் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட அத்தைக்குத்தான் கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் போனது. இரண்டு பக்கமும் இருக்கும் பல்லைத் தேய்த்து, மூன்று பல்லாக ஒரு பிரிட்ஜ் போட வேண்டும் என்று, எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் பல் டாக்டரம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் அத்தை வீட்டில் கூடுவது வழக்கம். சாப்பிடும்போது அத்தை, "சின்ன மாப்பிள்ளைகிட்ட குடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டேன். "ஏன் அத்தை, என் கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிப்பு ஒருவருக்கும் தொற்றவில்லை.

அவன்தான் பேசினான். "அண்ணாவே பண்ணட்டும் அத்தை. என்னைவிட அவர் வேலை சுத்தம்."

அத்தை உடனே சரி என்றார். அவன் சொன்னதால் சரி என்றார். எனக்கு வந்து சேர வேண்டிய வேலைகூட அவன் சிபாரிசில் வந்தது. அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை நான்.

அத்தைக்கு வாயில் எதை வைத்தாலும் குமட்டும். அளவெடுக்கும் பசையை வைத்து மூன்று நிமிடம் பிடிக்க வேண்டும். மூன்று தடவை வாந்தி வந்து, நான்காவது தடவைதான் டாக்டரம்மாவால் ஒழுங்காக அளவெடுக்க முடிந்தது. முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தவர், "இன்னொரு தடவை அதை வாயில வெச்சா எனக்குப் பல்லே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார்.

எங்கள் வேலையில் ஒரு இடம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அனுப்பும் அளவு, பசையில் பதிந்த பல்லின் அச்சுத்தான். அதில் மாவைக் கரைத்து ஊற்றினால், நோயாளியின் பல் கல்லாக நம் கைக்கு வந்துவிடும். கேப் எந்த இடத்தில் முடிய வேண்டுமோ, அந்த விளிம்பில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவோம். பிறகு அந்தக் கல்லின் மேல் மெழுகில் பல்லைச் செய்து, வார்ப்பதற்காக அதைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது சில சமயம் விளிம்பு கடுகளவு பெயர்ந்து மெழுகோடு வந்துவிடும். அப்படி உடைந்தால் டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி அளவு கேட்க வேண்டும். இது சட்டம். யாரும் கேட்பதில்லை. உடைந்த இடத்தில் கண் அளவில் மெழுகை இழுத்துவிட்டு வேலையை முடித்துவிடுவோம். கல்லில் கச்சிதமாக உட்காரும். வாயில் உட்கார்ந்ததா என்பது வாய்க்குத்தான் தெரியும். கவசம் மட்டும் ஒவ்வொரு தடவையும் போனை எடுப்பான். "டாக்டர், உங்க அளவு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் உடைச்சுட்டேன்." முதல் வருடம் அவனைத் திட்டினார்கள். அடுத்த வருடத்திலிருந்து அவனைத்தான் கேட்டார்கள்.

அத்தையின் மெழுகைக் கழற்ற நான் உட்கார்ந்த காலையிலும் அவன் போனில் இருந்தான். அதே டாக்டரம்மா, வேறு யாருடைய பல்லோ. அவர் பேசியது எனக்கும் கேட்டது. "உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்." இவன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடு கையை இழுத்தேன். பின்பக்கத்துப் பல், நாக்குப் பக்கம், சிவப்புக் கோட்டோடு விளிம்பு பெயர்ந்து வந்துவிட்டது.

போன் அவன் கையில்தான் இருந்தது. வாங்கிப் பேச வேண்டியதுதான். 'டாக்டர், நானும் உடைச்சுட்டேன்.' அந்த 'நானும்' என்கிற சொல் என் வாயில் வரவில்லை. அத்தை மறுபடி குமட்டிக்கொண்டு கஷ்டப்படுவாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல மனசுக்காரன் மாதிரி இருந்தது. மெழுகை எடுத்தேன், கண் அளவில் இழுத்தேன்.

பிரிட்ஜ் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. டாக்டரம்மா ஒட்டி அனுப்பியதும் அத்தை கண்ணாடி முன் நின்று வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை சிரித்துப் பார்த்தார். "பெரிய மாப்பிள்ளை, இது என் பல்லேதான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் தட்டில்தான் முதலில் பரிமாறினார்கள். கவசம் எதிரே உட்கார்ந்து வாய் நிறையப் பாராட்டினான். பொறாமை ஒரு துளிகூட இல்லாமல் பாராட்டினான். பாவி, அந்தச் சந்தோஷத்தைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அத்தையின் ஈறு வீங்கியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் உடைத்த இடம் ஈறுக்கு அடியில், நாக்குப் பக்கம். அவ்வளவு எளிதாக யார் கண்ணிலும் படாது. "இந்த வயசுல எனக்குப் பல் தேய்க்கத் தெரியலையாம்" என்று அத்தை சொன்னபோது குரல் உடைந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்து வேளைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை தேய்க்க ஆரம்பித்தார். வீக்கம் குறையவில்லை. இப்படியே போனால் பிரிட்ஜைத் தாங்குகிற பின்பல் உள்ளே சொத்தையாகும், பிடுங்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏன் குறையவில்லை என்று எனக்குத் தெரியும். தேய்க்கத் தேய்க்க ரத்தம்தான் வரும். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே நான் விட்ட இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நான் லேபுக்குத் திரும்பியபோது கவசம் என் மேஜையில் உட்கார்ந்திருந்தான். முடிந்த வேலைகளின் கற்களைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்திருப்போம். அத்தையின் பெட்டி திறந்திருந்தது. பின்பல்லை லென்ஸுக்கு அடியில் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். சிவப்புக் கோடு ஒரு இடத்தில் அறுந்து, அந்த இடம் மட்டும் வழவழவென்று இருப்பதைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம். என்னைப் பார்த்ததும் கல்லைப் பெட்டியில் வைத்து மூடினான்.

"அத்தைக்கு வீக்கம் எப்படி இருக்கு அண்ணா?" என்றான்.

"குறைஞ்சிடும்" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போனான். என் பொய்யை என் முகத்துக்கு நேரே நின்று வாங்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது சொல்வான், யாரிடம் சொல்வான் என்று ஒவ்வொரு மணியும் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். கவசம் வாயைத் திறந்தான். முடிந்தது கதை என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டான். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என்னை விட்டுவைத்திருக்கிறான். கீழே விழுந்தவனை அடிக்க மாட்டானாம். நானாக எழுந்து நிற்க நேரம் கொடுக்கிறானாம். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என்மேல் இரக்கப்பட இவன் யார்?

அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியும் ஒருநாள் அவன் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். சொன்னால் உண்மையும் அவன் கணக்கில் போய்ச் சேரும், பழி மட்டும் எனக்கு மிஞ்சும். அதற்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும். அத்தையின் வலிக்காகத்தான் சொல்லப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. அவனுக்கு அது கிடைக்கக் கூடாது, அதற்காகத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேஜையில் இருந்தார்கள். அத்தை, என் மனைவி, என் மச்சினி, கவசம், அவன் மகள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அத்தை, நீங்க பல் தேய்க்கறதுல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுது" என்றேன்.

ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கல் உடைந்தது, போன் செய்யாதது, கண் அளவில் இழுத்தது, இத்தனை வாரமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவியின் கை ஸ்பூனோடு நின்றது. அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீதிமன்றத்து முகம்.

"என்னைக்கு உடைஞ்சுது?" என்று கேட்டார்.

தேதி சொன்னேன்.

"உடைஞ்சது அப்பவே தெரியுமா, அப்புறம் தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் இன்னைக்குச் சொல்றீங்க?"

மனசாட்சி என்று ஏதோ முனகினேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். அதே எடை போடுகிற பார்வை. அது மெதுவாக என்னிடமிருந்து நகர்ந்து கவசத்தின் மேல் போய் நின்றது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

"சின்ன மாப்பிள்ளை," என்றார் அத்தை. "நீங்க அதே லேப்லதான் இருக்கீங்க. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று அவன் சொன்னால் நான் யார்? மாட்டிக்கொண்டதால் வாயைத் திறந்தவன். இத்தனை நேரம் கொட்டியதெல்லாம் குப்பைக்குப் போகும். அவன் தெரியும் என்றுதான் சொல்வான். வேறென்ன சொல்லத் தெரியும் அவனுக்கு?

அவன் தன் தட்டைப் பார்த்தான். மகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு அத்தையை நேராகப் பார்த்து, "தெரியாது அத்தை. இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றான்.

அத்தை தலையாட்டினார். முப்பது வருடம் பொய்யைத் தட்டச்சு செய்தவர், அந்தப் பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். அவன் சொன்னால் அவ்வளவுதான், அதற்கு மேல் விசாரணை கிடையாது. என் மனைவியின் கண் நிறைந்துவிட்டது. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். என் மச்சினி எழுந்து போய்ச் சமையலறையில் எதையோ தேடினாள்.

"பெரிய மாப்பிள்ளை," என்றார் அத்தை, "யாரும் கேக்காம, யாருக்கும் தெரியாம இருந்ததை நீங்களா சொல்லியிருக்கீங்க. நான் பார்த்த சாட்சிங்கள்ல இப்படி ஒருத்தரும் இல்லை. இனிமே உங்க வார்த்தையைக் குறுக்குக் கேள்வி இல்லாம எழுதிக்குவேன். அந்தப் பசையை இன்னும் பத்து தடவை வேணும்னாலும் வாயில வெச்சுக்கறேன். பல்லை நீங்களே பண்ணுங்க."

பதினான்கு வருடம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. கிடைத்துவிட்டது. ஐந்து வருடம் காத்திருந்த பொய்யும் அதே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதை வெளியே எடுத்தால் இது போய்விடும். இரண்டையும் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்ன நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறீர்களா? என்னால் அவனைப் பார்க்கவே முடியவில்லை.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னே?"

"கொஞ்சம் தள்ளிக்குங்க அண்ணா, சோப்பு எடுக்கணும்" என்றான்.

சோப்பு அவன் கையிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையைத் துடைக்காமலே போய்விட்டான். அப்போதும் எனக்கு வந்தது நன்றி இல்லை. இப்படி ஒரு காரியம் செய்ய எனக்கு ஏன் தோன்றியதே இல்லை என்கிற வயிற்றெரிச்சல்தான் வந்தது.

காற்று வேண்டும் போலிருந்தது. வெளிப்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வயது. அப்பாவின் கண்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"போன வாரம் அம்மா அப்பாகிட்ட, 'நீங்களாவது சொல்லிடுங்களேன்'னு சொன்னாங்க. அப்பா, 'வேண்டாம், அண்ணா தானாவே சொல்வார், எனக்கு அவரைத் தெரியும்'னு சொன்னார். அது பாட்டி பல்லைப் பத்தியா?"

ஷூ நாடா கையிலேயே நின்றது. எனக்கு அவரைத் தெரியும். என் மனைவி சொல்லாத வார்த்தை, என்னைப் பற்றி நானே சொல்லத் துணியாத வார்த்தை. அதை என் முதுகுக்குப் பின்னால், யாரும் கேட்காதபோது அவன் சொல்லியிருக்கிறான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். 'ஆமா' என்று ஒரு சொல் போதும். அத்தை, மனைவி, டாக்டரம்மா எல்லோரும் எனக்கு எதற்கு? அவன் யாருக்காக ஐந்து வருடம் அப்படி வாழ்ந்தானோ அவளே என்னிடம் வந்து கேட்கிறாள். கவசம் அங்கேயே இரண்டாகப் பிளந்துவிடும். அப்பாவைக் காட்டிக்கொடுத்து அவள் அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, என் மேல் ஒரு கீறல்கூட விழாது. அந்த 'ஆமா' என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "அது லேப் விஷயம். ஒரு மெஷின் என்னால ரிப்பேர் ஆயிடுச்சு. முதலாளிகிட்ட நான் சொல்லாம இருந்தேன். அதைத்தான் சொல்லியிருப்பார்."

"அப்ப பாட்டி பல்லு அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "பாட்டி இப்பத்தான் சொன்னாங்க, பெரியப்பா சொன்னா அப்படியே எழுதிக்கலாம்னு. அதான் உங்ககிட்ட கேட்டேன்" என்றாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும் பெரியப்பா. எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. அவள் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வதும், பேயறைந்த அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். உள்ளே போய் அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. வயிறு எரிய எரிய, போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.